நாற்காலியில் யாரோ ஒருவன்

வள்ளமோ விசைப்படகோ, எதில் ஏறினாலும்
கரை மறையுமுன்
குடல் வாய்க்கு வந்துவிடும் எனக்கு.
மூன்று முறை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு
வாப்பா சொன்னது ஒரே வார்த்தை:
"இறங்கு."

அன்றிலிருந்து ஐஸ் கம்பெனி, இரவுமுறை.
அச்சிலிருந்து கட்டியைக் கழற்றி
நொறுக்கும் எந்திரத்துக்குத் தள்ளுவேன்.
அமோனியா மூக்கில் ஏறாத நேரங்களில்
ஈயம் உருகும் புகை ஏறும்.

உடம்பு, கலந்தர் கொடுத்தது.
ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப்போடுகிறவன்.
மூன்றடுக்குக் கண்ணாடி நார்ப்பாய், பிசின்,
வாலிநோக்கத்து வெயில் ஒருநாள்.
பெருக்கல் குறிபோல அறுத்துத் தந்துவிட்டுக் கேட்டான்:
"இது மிதக்குமா?"
"மிதக்க வேண்டிய இடம் வேற."
நார்த்தூசி பட்டு
இரண்டு நாள் முழங்கை அரித்தது.

மோட்டார் நான்கும் தபாலில் வந்தன.
கேமரா என் கட்டைவிரல் நகத்தளவு.
பேட்டரிதான் பயம்.
ஒன்று உப்பிப் பூரிபோல் ஆகிவிட்டது.
வாளி மணலில் புதைத்து வைத்தோம்.
அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம்
உம்மா பிஸ்மி சொன்னாள்.

மூளையை ரஹீனா பார்த்துக்கொண்டாள்,
பரீட்சைக்கு முந்தைய இரவு,
பாடப்புத்தகத்தின் மேல் மடிக்கணினியை வைத்து.
"காக்கா, மூணாவது எதிர்த்திசையில சுத்துது."
மூன்று கம்பிகளில்
எந்த இரண்டை மாற்றிப் பற்றவைத்தாலும்
திசை புரண்டுவிடும்.
இவ்வளவு லேசில் புரளக்கூடியது
எங்கள் வீட்டில் வேறெதுவும் இல்லை.

கடல் பக்கம் போகவில்லை.
"ட்ரோனா? யாரை வேவு பார்க்க?" என்று
கடலோரக் காவலர் ஒருவர் முன்பே கேட்டிருந்தார்,
சிரிக்காமல்.
எழுதிக் கொடுத்து, அலைந்து, கையெழுத்து வாங்கி,
ஊருக்கு மேற்கே
யாரும் வாராமல் விட்ட உப்புப் பாத்திக்கு
கச்சான் அடங்கிய ஒரு விடியலில்
பிளாஸ்டிக் நாற்காலியோடு போனோம்.

முதல் முறை எழவில்லை, குப்புறக் கவிழ்ந்தது.
இறக்கைகளை இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறேன்.
கலந்தர் சிரித்த சிரிப்பில்
பாத்தியில் மேய்ந்த உள்ளான்கள் எழுந்தன,
எங்களுக்கு முன்னால்,
ஒரு கம்பியும் இல்லாமல்.

இரண்டாம் முறை
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
விசையை மெல்லத் தள்ளினேன்.
நாற்காலி இருக்கிறது, அதில் என் இடுப்பு இருக்கிறது,
நான் இல்லை.
உப்பு வெள்ளை, வரப்பு, உப்பு வெள்ளை,
உடைமரத்து உச்சி முள்,
அதில் மாட்டி நைந்த சர்க்கரைப் பை,
ஆடுகள் நடந்து நடந்து கீறிய கோடுகள்.
விரலைச் சாய்த்தேன், அடிவானம் சாய்ந்தது.
தண்ணீர் ஏறிய வள்ளம்போல்
உலகம் ஒரு பக்கம் தாழ்ந்தது.

அப்போது வந்தது.
அதேதான். அதே பழைய குடல்.
அலையில்லை, காற்றில்லை,
நாலு கால் ஊன்றித் தரையில் நிற்கும் நாற்காலியில்
உட்கார்ந்தபடி வாந்தி எடுத்தேன்.
கையை மட்டும் எடுக்கவில்லை.
எடுத்தால் விழும்,
ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்.

வட்டமடித்துத் திரும்பியபோது
கீழே வெள்ளைக்கு நடுவில் சிவப்பு நாற்காலியில்
முகத்தில் கறுப்புப் பெட்டி கட்டிய யாரோ ஒருவன்
மடங்கிக் கிடந்தான்.
அவன் முதுகை ஒருத்தி தடவிக்கொண்டிருந்தாள்.
பாவம், யார் பெத்த பிள்ளையோ என்று
நிஜமாகவே நினைத்தேன்.
அப்புறம்தான் உறைத்தது
முதுகில் அந்தக் கை.

நாலு நிமிடம் இருபது வினாடி.
படத்தில் ஈசல் மொய்த்தது, பேட்டரி கத்தியது.
இறக்கினேனா, விழுந்ததா என்பதில்
கலந்தருக்கும் எனக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.

திரும்பும் வழியில் ரஹீனா
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்:
இறக்கை நாலு.
எலுமிச்சம்பழம் ரெண்டு.